ரிட்டயர்மெண்ட் காசப் பாத்துக்க ஆள் வைக்கலாமா? மூணு பேரப் பாத்துட்டு எழுதுறேன்

சார்ஜாவுல ஒரு குடோன்ல ஸ்டோர்கீப்பரா 24 வருஷம் கிடந்துட்டு 2024 ஜனவரில பெட்டியக் கட்டி ராமநாதபுரம் பக்கம் நம்ம உச்சிப்புளிக்கே வந்து சேந்துட்டேன். அதுல இருந்து கல்யாண வீடோ எழவு வீடோ எங்க போய் உக்காந்தாலும் பக்கத்துல ஒருத்தர் மெதுவா நகந்து வந்து கேக்குற முதக் கேள்வி "சேத்தத எங்கண்ணே போட்டு வச்சிருக்கீக" தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் இங்க மொத்தமா எழுதிப் போடுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எனக்கு பென்சன் கிடையாது. கம்பெனி கடைசில குடுத்த கிராஜுவிட்டி மட்டும்தான். அங்க சட்டப்படி முத அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 21 நாள் பேசிக் சம்பளம், அதுக்கு மேல உள்ள வருஷத்துக்கு 30 நாள் பேசிக், என் பேசிக் 2,900 திர்ஹாம், கூட்டிக் கழிச்சுப் பாத்தா 65,250 திர்ஹாம் வந்துச்சு, நம்ம காசுக்கு 14 லட்சத்துக்கு மேல. ஏற்கனவே என்ஆர்இ டெபாசிட்ல, அதாவது வெளிநாட்டுல இருக்குறவங்களுக்குன்னு உள்ள பேங்க் டெபாசிட்ல, 38 லட்சம், சேவிங்ஸ்ல ஒரு 6 லட்சம். ஆக 58 லட்சம். கேக்குறதுக்கு பெரிய தொகையாத்தான் இருக்கும். ஆனா எனக்கும் வீட்டம்மாவுக்கும் இன்னும் 25 வருஷம் ஓட்டணும்னு வச்சு வகுத்துப் பாருங்க, மாசம் 19,000 சொச்சம்தான் வருது. எங்க வீட்டுச் செலவே மாசம் 28,000 ஆகுது, அதுல மொய் மட்டும் வைகாசி ஆவணி மாசத்துல தனிக் கணக்கு. அதனால காசு சும்மா கிடந்தா பத்தாது, வேலை செய்யணும். அந்த வேலைய நான் பாக்குறதா இல்ல ஆள் வச்சுப் பாக்குறதா, இதுதான் எனக்கு ஒரு வருஷம் தூக்கத்தக் கெடுத்த விஷயம்.

முத ஆளு பேங்க் ஆளு. பேங்க் பேரு வேணாம், ராம்நாட்ல இருக்கு அவ்ளோதான். என்ஆர்இ டெபாசிட் பூராவும் அங்கதான் இருந்துச்சு, அதனால நான் ஊருக்கு வந்த ரெண்டாவது வாரமே "உங்க ரிலேஷன்ஷிப் மேனேஜர் சார்" னு ஒரு தம்பி போன் பண்ணிட்டான், பரமக்குடிக்காரப் பையன், நல்ல மரியாதையான பையன், என் பிறந்தநாளுக்கு கேக் வாங்கிட்டு வீட்டுக்கே வந்துட்டான். நானும் 24 வருஷத்துல ஒருத்தரும் எனக்கு கேக் வெட்டலயேன்னு கொஞ்சம் உருகித்தான் போனேன், ஒத்துக்கிறேன். வெல்த் மேனேஜ்மெண்ட் சர்வீஸ், உங்கள மாதிரி கஸ்டமருக்கு முழுக்க ஃப்ரீ சார்னான்.

ஃப்ரீன்னு சொல்ற இடத்துலதான் ரெண்டு கண்ணையும் திறந்து வைக்கணும். அந்தத் தம்பி காமிச்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு வருஷம் 5 லட்சம் ஏழு வருஷம் கட்டுனா அப்புறம் ஆயுசு பூரா வருமானம் தர்ற இன்சூரன்ஸ் பிளான், இன்னொண்ணு மியூச்சுவல் ஃபண்ட். இன்சூரன்ஸ் பேப்பர்ல கேரண்டீட் கேரண்டீட்னு பத்து இடத்துல இருந்துச்சு, நானும் கையெழுத்துப் போட்டு 5 லட்சத்துக்கு செக்கும் குடுத்துட்டேன். பெங்களூர்ல இருக்குற மகன்கிட்ட ராத்திரி போன்ல சொன்னா, "அப்பா அந்த பேப்பர போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னான். எக்செல்ல போட்டு எந்த வருஷம் எவ்ளோ போகுது எந்த வருஷம் எவ்ளோ வருதுன்னு வரிசையா அடிச்சுப் பாத்துட்டு மறுநாள் சொல்றான், மொத்தமா வருஷத்துக்கு 5.4 பர்சன்ட்தான் தேறுது, அதுவும் அந்தக் காச 15 வருஷம் தொடாம இருந்தா. அன்னைக்கு நம்ம போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல 8.2 பர்சன்ட், கவர்மெண்ட் காசு. அதப் பத்தி அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசல. பேசுனா அவனுக்கு என்ன கிடைக்கும், ஒண்ணும் கிடைக்காது.

நல்லவேளை பாலிசி பேப்பர் கைக்கு வந்து 30 நாளைக்குள்ள வேணாம்னு திருப்பிக் குடுக்கலாம், ஃப்ரீ லுக்னு பேரு, இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. எழுதிக் குடுத்தேன். முத்திரைக் கட்டணம், மெடிக்கல் செக்கப் செலவு, அத்தன நாளுக்கு உள்ள இன்சூரன்ஸ் காசு எல்லாம் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுத்துட்டாங்க. ஆனா குடுக்குறதுக்குள்ள தம்பி, தம்பிக்கு மேல உள்ள மேனேஜர், அவருக்கு மேல மதுரையில இருந்து ஒருத்தர்னு மூணு பேர் போன் பண்ணி "ஏன் சார் ஏன் சார்"னு கேட்டாங்க பாருங்க, பொண்ணு பாத்துட்டு வேணாம்னு சொன்ன வீடு மாதிரி ஆகிப்போச்சு.

மியூச்சுவல் ஃபண்ட்லயும் இதே கதைதான், ஆனா கொஞ்சம் நாசூக்கா இருக்கும். ஒரே ஃபண்டுக்கு ரெகுலர்னு ஒண்ணு, டைரக்ட்னு ஒண்ணு இருக்கு, 2013 ஜனவரில இருந்து இருக்கு. ரெகுலர்ல ஏஜெண்டுக்கு வருஷா வருஷம் கமிஷன் போகும், அது நம்ம கணக்குல தனியா கழிச்சதாக் காட்டாது, யூனிட் விலையிலயே உள்ளுக்குள்ள போயிரும். எனக்குக் காமிச்ச ஃபண்ட்ல வித்தியாசம் 0.8 பர்சன்ட். 20 லட்சம் போட்டிருந்தா வருஷம் 16,000 ரூபா. ஃப்ரீ சர்வீஸோட விலை அதுதான், பில்லு மட்டும் வராது. அந்தத் தம்பிய நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவனுக்கு மாசா மாசம் டார்கெட், எங்க ஊர் ஏலக்கடையில நிக்குற மாதிரி அவனும் நிக்கிறான். ஆனா ஒரு விஷயத்துக்கு மட்டும் கோவம் இருக்கு. நான் ஊருக்கே வந்துட்டேன், இனிமே என்ஆர்ஐ இல்ல, அப்ப என்ஆர்இ கணக்க ரெசிடெண்ட் கணக்கா மாத்தணும், அந்த வட்டிக்கு இருந்த வரிச் சலுகையும் அதோட போயிரும், இத அந்த பேங்க்ல ஒருத்தரும் சொல்லல. கேக் வாங்கிட்டு வரத் தெரிஞ்சுச்சு, இது தெரியல.

இந்த சர்வீஸுக்கு என் மார்க் 5க்கு 1. அந்த ஒண்ணும் கேக்குக்கு.

ரெண்டாவது ஆளு மதுரையில இருந்து கார் போட்டு வந்தாரு. நம்ம ஊர்லயே ஒரு துபாய் ரிட்டர்ன் நண்பர் கூட்டிட்டு வந்தது. போர்ட்ஃபோலியோ மேனேஜ்மெண்ட், சுருக்கமா பிஎம்எஸ். உங்க காச எங்ககிட்ட குடுத்துடுங்க, எந்த ஷேர் வாங்கணும் எப்ப விக்கணும் எல்லாம் எங்க டீம் பாத்துக்கும், நீங்க நிம்மதியா கடல் காத்து வாங்குங்கன்னாரு. நுங்கு வெட்டிக் குடுத்தோம், ரசிச்சுச் சாப்பிட்டாரு. மினிமம் 50 லட்சம், இது ஷேர் மார்க்கெட்டக் கண்காணிக்கிற செபி வச்ச ரூல், அதுக்குக் கம்மியா பிஎம்எஸ்ல சேரவே முடியாது. ஃபீஸ் வருஷத்துக்கு ஒன்றரை பர்சன்ட், பிளஸ் ஜிஎஸ்டி.

ஒன்றரைங்குறத எவ்ளோ மெல்லமாச் சொன்னாரு தெரியுமா. நம்ம கடையில 100 ரூபாய்க்கு ஒன்றரை ரூபா சில்லறை விட்டுட்டு வர்றதில்லயா, அந்த மாதிரி. வெத்தலப் பாக்குப் போட்டு அவர அனுப்பிட்டு கால்குலேட்டர எடுத்தேன். 50 லட்சத்துக்கு ஒன்றரை பர்சன்ட் 75,000. அதுக்கு 18 பர்சன்ட் ஜிஎஸ்டி 13,500. ஆக வருஷம் 88,500, மாசம் 7,375 ரூபா. எங்க வீட்டு மாசச் செலவுல கால்வாசி ஒருத்தருக்கு சம்பளமாப் போகுது. எங்க வீட்டுல நாலு பேர் இருந்தா நாலாவது ஆளு அவரு.

இன்னொரு விதமாவும் பாத்தேன். வருஷம் 9 பர்சன்ட் வளந்துச்சுன்னா 50 லட்சத்துக்கு நாலரை லட்சம். அதுல 88,500 அவருக்கு, அதாவது அஞ்சு மீன் பிடிச்சா ஒரு மீன் அவருக்கு. சரி போனாப் போகுதுன்னு வச்சாலும் விலைவாசி 6 பர்சன்ட் ஏறுதுன்னா நிஜமா எனக்கு வளந்தது 3 பர்சன்ட்தான், ஒன்றரை லட்சம். அதுல 88,500 அவருக்குன்னா பாதிக்கு மேல போச்சு. மார்க்கெட் விழுந்த வருஷமும் அந்த ஃபீஸ் உண்டான்னு போன்ல கேட்டேன், "மேனேஜ்மெண்ட் ஃபீஸ் ஃபிக்ஸட் சார்"னாரு. லாபத்துல பங்குன்ற மாதிரி இன்னொரு திட்டமும் இருக்காம், அதுல இன்னும் நாலு கண்டிஷன். முத வருஷமே வேணாம்னு வெளிய வந்தா 3 பர்சன்ட் வரைக்கும் பிடிக்கலாம், ரெண்டாவது வருஷம் 2, மூணாவது வருஷம் 1. அதோட விடல, அவங்க வாங்கி விக்கிறது எல்லாம் என் பேர்லயே உள்ள டீமேட்ல, அதான் ஷேர் கணக்குல, நடக்கும், அதனால ஒவ்வொரு தடவ லாபத்துக்கு வித்தாலும் வரி என் தலையில. ஒரு வருஷத்துக்குள்ள வித்தா 20 பர்சன்ட், அதுக்கு மேல வச்சு வித்தா வருஷத்துல ஒன்னேகால் லட்சம் லாபத்துக்கு மேல உள்ளதுக்கு 12.5 பர்சன்ட். மியூச்சுவல் ஃபண்ட்ல ஃபண்ட் மேனேஜர் உள்ளுக்குள்ள ஆயிரம் தடவ வாங்கி வித்தாலும் நமக்கு வரி கிடையாது, நம்ம யூனிட்ட நாம விக்கும்போதுதான்.

இத எல்லாம் நான் கணக்கு நோட்டுல எழுதி வச்சிருந்தப்ப பாம்பன் தெற்குவாடியில இருந்து என் மச்சினன் வந்தான், மீன்பிடி வல்லம் வச்சிருக்கான். நோட்டப் பாத்துட்டு என்ன மச்சான் கணக்குன்னான், சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கேக்குறான், "எங்க வல்லத்துல டீசல் ஐஸ் செலவக் கழிச்சு மிச்சம் இருக்குற மீன்பாட்டுலதான மச்சான் பங்கு. பாடு இல்லாத அன்னைக்கு எவனும் பங்கு கேக்க மாட்டான். இந்த ஆளு பாடு இருந்தாலும் இல்லாட்டியும் வருஷா வருஷம் வல்லத்துல இருந்து ஒரு பலகையக் கழட்டிட்டுப் போவாரு போலயே." எட்டாவது வரைக்கும் படிச்சவன். நான் மூணு நாளா கால்குலேட்டர் தட்டுனத அவன் டீ ஆறுறதுக்குள்ள சொல்லிட்டான். அதுக்கப்புறம் எனக்கு இந்த ஃபீஸ் விஷயத்துல குழப்பமே இல்ல. கூலி குடுக்கலாம், பலகை குடுக்க முடியாது.

ஆனா வீட்டம்மா கேட்டது வேற. அது அந்த மதுரைக்காரர் இருக்கும்போதே கேட்டது. "இவுகளுக்கு ஒண்ணுன்னா நான் யார்ட்டப் போய் நிப்பேன், எனக்கு பேங்க் சலான்கூட எழுதத் தெரியாது." அதுக்கு அவரு "நாங்க இருக்கோம் மேடம், கவலையே படாதீங்க"ன்னாரு. அன்னைக்குப் பேசுனதுலயே எனக்கு உறைச்சது அவ கேட்ட அது ஒண்ணுதான், ஏன்னா அது நியாயமான பயம். நான் 24 வருஷம் அங்கிட்டு இருந்தேன், காசு அனுப்புனேன், ஆனா கணக்கு பூரா என் தலைக்குள்ளயே வச்சிருந்தேன், அவளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அது என் தப்பு. ஆனா "நாங்க இருக்கோம்"னு சொன்னவுகள நினைச்சுப் பாத்தேன், பேங்க்ல பதினாலு மாசத்துல மூணு ரிலேஷன்ஷிப் மேனேஜர் மாறிட்டாங்க. கேக் வாங்கிட்டு வந்த தம்பி இப்ப கோயம்புத்தூர்ல வேற ஒரு பேங்க்ல இருக்கான். என் சம்சாரத்துக்கு 80 வயசாகுறப்ப யாரு இருப்பாங்க?

இந்த சர்வீஸ் மோசடின்னு நான் சொல்லல, பதிவு பண்ணுன கம்பெனிதான். ஆனா 58 லட்சம்தான் மொத்தமே வச்சிருக்குறவன்கிட்ட வந்து 50 லட்சத்த ஷேர்ல போடுங்கன்னு சொல்றது தொழில் தர்மமான்னு அவருதான் சொல்லணும். நாலஞ்சு கோடி வச்சிருக்குறவங்க ஒரு கோடிய இதுல போட்டு விளையாடட்டும். மார்க் போட விரும்பல.

மூணாவது ஆளுக்குத்தான் காசு குடுத்தேன். செபில பதிவு பண்ணுன இன்வெஸ்ட்மெண்ட் அட்வைசர், ஆர்ஐஏன்னு சொல்வாங்க. இவங்களுக்கும் ஏஜெண்டுக்கும் என்ன வித்தியாசம்னா இவங்க நம்மகிட்ட ஃபீஸ் வாங்குனா கமிஷன் வாங்கக் கூடாது, 2013ல வந்த சட்டம். செபி வெப்சைட்லயே லிஸ்ட் இருக்கு, பதிவு நம்பர் ஐஎன்ஏன்னு ஆரம்பிக்கும். மியூச்சுவல் ஃபண்ட் ஏஜெண்ட்னா ஏஆர்என்னு இருக்கும். விசிட்டிங் கார்டுல வெல்த் கன்சல்டண்ட், ஃபைனான்சியல் டாக்டர்னு என்ன வேணா போட்டிருக்கட்டும், அந்த மூணு எழுத்தப் பாத்தா ஆளு யாருன்னு தெரிஞ்சிரும். இவங்கள்லயும் பர்சன்டேஜ் கேக்குறவங்க உண்டு, வருஷத்துக்கு இரண்டரை பர்சன்ட் வரைக்கும் வாங்கலாம்னு செபியே விட்டு வச்சிருக்கு, இல்லாட்டி ஒரு குடும்பத்துக்கு வருஷம் 1,51,000 வரைக்கும் ஃபிக்ஸடா வாங்கலாம். நான் ஃபிக்ஸட் வாங்குறவங்களா, அதுவும் ஒரு தடவ பிளான் போட்டுக் குடுத்துட்டு விட்டுடுறவங்களா தேடுனேன். நம்ம ராமநாதபுரம் பக்கம் எனக்குக் கிடைக்கல. மகன்தான் திருச்சியில ஒரு பொண்ணப் பிடிச்சுக் குடுத்தான், என் மக வயசு இருக்கும். ஃபீஸ் 20,000, ஜிஎஸ்டியோட 23,600. எல்லாமே வீடியோ கால்தான், எங்க வீட்டுல சிக்னல் இல்லாம மாடில தென்னங்கீத்து நிழல்ல உக்காந்து பேசுனேன்.

முதல்ல குறையச் சொல்லிடுறேன். மூணு வாரத்துல தர்றேன்னு சொன்ன ரிப்போர்ட் அஞ்சு வாரம் ஆச்சு. வந்ததும் 31 பக்கம், பூரா இங்கிலீஷ், கலர் கலரா வட்டம் போட்டு. எனக்கு குடோன் இங்கிலீஷ் தெரியும், இது தெரியல. "இதத் தமிழ்ல ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடும்மா, என் சம்சாரம் படிக்கணும்"னு கேட்டேன், முதல்ல தயங்குச்சு, அப்புறம் எழுதிக் குடுத்துச்சு, அந்த ஒரு பக்கம்தான் இப்ப பீரோவுல இருக்கு, 31 பக்கம் எங்க இருக்குன்னே தெரியல. செலவுப் பட்டியல்ல சினிமா, ஹோட்டல், வெகேஷன்னு எல்லாம் கட்டம் இருந்துச்சு, மொய்க்குக் கட்டம் இல்ல. காதுகுத்து, சடங்கு, கோயில் வரி, பங்காளி வீட்டு எழவுக்குக் கோடித்துணி எடுக்குறது, இதெல்லாம் சேத்தா எனக்கு வருஷம் 40,000 தாண்டுதும்மான்னதும் அந்தப் புள்ள ஆடிப்போச்சு. பதில் மொய் வருமே அங்கிள்னு கேட்டுச்சு. எங்க வீட்டு விசேஷம் எல்லாம் முடிஞ்சு போச்சும்மா, இனிமே ஒன்வேதான்னேன்.

ஆனா அந்த 23,600ஐ ஒரே கால்ல சம்பாரிச்சுக் குடுத்துருச்சு. அப்ப எங்க சொந்தத்துல ஒரு பையன் ராமேஸ்வரத்துல விசைப்படகுல பங்கு போடச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தான், 12 லட்சம், சம்மாட்டி, அதான் படகு முதலாளி, ஆகிருவீக மாமான்னு ஆச காட்டுனான். எனக்கும் நப்பாசை இருந்துச்சு, கடக்கரையில பொறந்தவனுக்கு அது இருக்கத்தான் செய்யும். அந்தப் புள்ளைக்கு கடல் தொழில் ஒண்ணும் தெரியாது, ஆனா கேட்ட கேள்விய பாருங்க. வருஷத்துல எத்தன நாள் படகு போகும்? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், போகாது. அந்த ரெண்டு மாசம் உங்க மளிகை செலவு நிக்குமா? நிக்காது. இலங்கை நேவி படகப் பிடிச்சா படகு திரும்ப வருமா, வராட்டி நஷ்டம் யாருது? எல்லாருதும்தான். பங்கு போட்டதுக்கு எழுத்து உண்டா? வாய் வார்த்தைதான். அதுக்கு மேல அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லல, வேணாம்னுகூடச் சொல்லல. நானே அந்தப் பையன்கிட்டப் போய் முடியாதுப்பான்னுட்டு வந்துட்டேன். அவன் இன்னைக்கு வரைக்கும் மூஞ்சி குடுத்துப் பேசல, அது ஒரு செலவுதான்.

என்ஆர்இ கணக்கு விஷயத்தயும் அதுதான் சொல்லுச்சு. சீனியர் சிட்டிசன் ஸ்கீம் என்ஆர்ஐக்கு கிடையாது, அதனால முதல்ல கணக்க மாத்துங்க, அப்புறம் போஸ்ட் ஆபீஸ் போங்கன்னு வரிசை போட்டுக் குடுத்துச்சு. காசு பூராவும் ஒரே பேங்க்ல இருக்கு, அந்த பேங்க் கவுந்தா இன்சூரன்ஸ் 5 லட்சத்துக்குத்தான்னும் சொல்லுச்சு, 2020ல தான் ஒரு லட்சத்துல இருந்து அஞ்சாக்குனாங்களாம். பேங்க் கவுறாதுன்னு நானும் நம்புறேன், ஆனா 44 லட்சத்த நம்பிக்கையில விட்டு வைக்கணுமா.

கடைசில என்ன பண்ணுனோம்னா, 30 லட்சம் போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம், அதுக்கு மேல ஒருத்தர் போட முடியாது. 8.2 பர்சன்ட், மூணு மாசத்துக்கு ஒரு தடவ 61,500 வருது. அடுத்து மாசாந்திர வருமானத் திட்டம் 9 லட்சம், 7.4 பர்சன்ட், மாசம் 5,550. அது வீட்டம்மா பேர்ல தனிக் கணக்கு. வட்டிய வருமானவரில என் கணக்குலதான் சேக்கணும்னு அட்வைசர் சொல்லுச்சு, சேத்தாலும் புது முறையில 12 லட்சத்துக்குள்ள எனக்கு வரி வரல, வட்டில வரி பிடிக்க வேணாம்னு 15எச் பாரம் எழுதிக் குடுத்துட்டேன். 6 லட்சம் அவசரத்துக்கு எஃப்டி, ரெண்டு பேங்க்ல பிரிச்சு. மிச்சம் 13 லட்சம் மியூச்சுவல் ஃபண்ட்ல, டைரக்ட் பிளான், ரெண்டே ஃபண்ட், அதுல ஒண்ணு மார்க்கெட்ட அப்படியே பின்பத்துற இண்டெக்ஸ் ஃபண்ட். அந்தப் புள்ள 20 லட்சம் ஷேர் பக்கம் போகணும்னுச்சு, விலைவாசி ஏறிக்கிட்டே போகும் அங்கிள், இந்த 28,000 பன்னெண்டு வருஷத்துல ரெண்டு மடங்கு ஆகும், வட்டி அப்படியேதான் நிக்கும்னுச்சு. சரிதான், கணக்கு தப்பில்ல. ஆனா எனக்குத் தூக்கம் வரணுமே. பேசிப் பேசி 13ல நின்னோம். இன்னும் அது 13 கம்மின்னுதான் சொல்லுது.

இப்ப பாருங்க, இந்த ஏற்பாட்டுல மேனேஜ் பண்ண என்ன இருக்கு? போஸ்ட் ஆபீஸ்ல போட்டது அஞ்சு வருஷத்துக்கு அசையாது. ரெண்டு ஃபண்ட நான் தொடப்போறதில்ல. இதுக்கு மாசம் 7,375 குடுத்து ஒருத்தர வச்சா அவரு வந்து என்ன பண்ணுவாரு, நான் போஸ்ட் ஆபீஸ் வரிசையில நிக்கிறத வேடிக்கை பாப்பாரா. போஸ்ட் ஆபீஸும் சொர்க்கம்னு சொல்லல, நான் ராம்நாட் பெரிய போஸ்ட் ஆபீஸுக்குப் போன முத நாள் சர்வர் இல்ல, ரெண்டாவது நாள் போட்டோ அளவு சரியில்ல, மூணாவது நாள்தான் கணக்கு திறந்தாங்க, பஸ்ஸுக்கும் டீக்குமே 300 ரூபா ஆச்சு.

கீழக்கரையில என்கூட சார்ஜாவுல ரூம்ல இருந்த பாய் ஒருத்தர் இருக்காரு, அவருக்கு இந்தக் கதையே பொருந்தாது. வட்டி வாங்க மாட்டாரு. அப்ப போஸ்ட் ஆபீஸும் இல்ல, எஃப்டியும் இல்ல, ரெண்டு கடை வாடகையும் கொஞ்சம் தங்கமும்தான். அவரும் அதே பொண்ணுகிட்ட காசு கட்டி பேசுனாரு, பேங்க், சாராயம் இந்த மாதிரி கம்பெனிய எல்லாம் தள்ளி வச்சு ஷரியா முறையில நடக்குற ஃபண்ட் எது, அத வாடகையோட எப்படி ஓட்டுறதுன்னு அவருக்குத் தனியா போட்டுக் குடுத்துச்சாம். அவருக்கு என்னைவிட அதிகமாப் பிரயோஜனம், ஏன்னா எனக்குக் கிடைச்ச சுலபமான வழி அவருக்குக் கிடையாது. நண்டு வாங்கப் போனப்ப பாத்தேன், வருஷா வருஷம் அந்தப் பொண்ணுகிட்ட கட்டப்போறேன்னாரு. அவருக்கு அது சரி.

வருஷா வருஷம் ஆள் வைக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. காலைல ஒம்பதே கால் ஆனா போனத் தூக்கி மார்க்கெட் பாத்து, விழுந்தா வித்து ஏறுனா வாங்குற ஆளுங்க நம்ம ஊர்லயே நாலு பேர் இருக்காங்க, அவங்க கையக் கட்டிப்போட ஒருத்தருக்குச் சம்பளம் குடுத்தா லாபம்தான். பிள்ளைக பூராவும் வெளிநாட்டுல, வீட்டுக்காரர் இல்லாம தனியா இருக்குற பொம்பளைங்களுக்கும் ஒருத்தர் வேணும், ஆனா அங்கயும் கூலி பேசுங்க, காசோட பர்சன்டேஜ் பேசாதீங்க, முக்கியமா ஓடிபி, பாஸ்வேர்டு, கையெழுத்துப் போட்ட வெத்து செக் இதெல்லாம் எவருக்கும் குடுக்காதீங்க. மாசம் ரெண்டு பர்சன்ட் கேரண்டின்னு ஒருத்தர் சொன்னா எழுந்து வந்துருங்க, டீ குடிக்கக்கூட உக்காராதீங்க.

திருச்சிப் பொண்ணுக்கு என் மார்க் 5க்கு 4. அஞ்சு வாரத்துக்கும் மொய்க்கும் சேத்து ஒண்ணு பிடிச்சுக்கிட்டேன். வருஷ ரிவ்யூக்கு 9,000 ஆகும் அங்கிள்னுச்சு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றேம்மான்னு சொல்லியிருக்கேன்.

வீட்டம்மா விஷயம் என்னாச்சுன்னு கேப்பீங்க. அந்த 5,550 அவ கணக்குலதான் வருது, மாசம் முத வாரம் அவளே உச்சிப்புளி போஸ்ட் ஆபீஸ் போறா. முத மாசம் நான் கூடப் போனேன், பாரம் அவதான் எழுதுனா, ஆயிரத்து ஐநூறுங்குறத எழுத்தால எழுதுற இடத்துல தடுமாறி மூணு பாரம் கிழிஞ்சுச்சு. இப்ப நான் போறதில்ல. போன மாசம் அவளே பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கா. பீரோவுல ஒரு நோட்டு இருக்கு, எந்தக் கணக்கு எங்க, நாமினி யாரு, யாருக்கு முதல்ல போன் பண்ணணும், அந்தத் தமிழ் பக்கமும் அதுல ஒட்டியிருக்கு.

நேத்து சாயங்காலம் பேங்க்ல இருந்து புது ரிலேஷன்ஷிப் மேனேஜர் கூப்பிட்டாரு, நாலாவது ஆளு. சார் உங்களுக்குன்னு ஒரு ஸ்பெஷல் பிளான் இருக்குன்னாரு. எவ்ளோ கமிஷன் தம்பின்னு கேட்டேன். லைன் சரியா கேக்கல சார்னு வச்சுட்டாரு.